ஆம்பளைங்க பெமினிஸ்ட்டா இருக்க முடியுமா? லஞ்ச் டேபிள்ல ஆரம்பிச்ச பஞ்சாயத்து

கார்த்தி_கோவை:
மக்களே ஒரு பஞ்சாயத்துங்க. ஆபீஸ்ல சாப்பிட்டுட்டு இருக்கறப்ப பேச்சு எங்கெங்கயோ சுத்தி பெமினிசத்துல வந்து நின்னுச்சு, நான் சும்மா இருக்காம "நானும் பெமினிஸ்ட் தான்"னு சொல்லி வச்சேன். டீம்ல ஒரு பொண்ணு, நல்ல ஃப்ரெண்ட் தான், "அதை நீயா சொல்லிக்க முடியாது கார்த்தி, சப்போர்ட் பண்றேன்னு வேணா சொல்லு"ன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிருச்சு. பக்கத்துல இருந்தவன் "அப்ப பெரியார் யாரு?"ன்னான். அவ்வளவுதான், டேபிளே ரெண்டா பிரிஞ்சுருச்சு.

எனக்குப் புரியாதது இதானுங்க. ஆணும் பொண்ணும் சமம்னு நம்பறது தான் பெமினிசம்னா அதை நம்ப ஆம்பளையா இருந்தா என்ன, பொம்பளையா இருந்தா என்ன? வீட்ல அம்மாவையோ அக்காவையோ ஒரு வார்த்தை மரியாதை இல்லாம பேசினதில்ல, டீம்ல யாரு நல்லா வேலை செய்யறாங்களோ அவங்களுக்குத் தான் ரேட்டிங் போடறேன். இதுக்கு மேல என்னங்க எதிர்பார்க்கறாங்க? சீரியஸா கேக்கறேன், கலாய்க்க வேணாம்.

தனிக்காட்டு_ராஜா:
வந்துட்டான்யா. தம்பி, அந்தப் பொண்ணு உன்ன காப்பாத்திருக்கு, போய் ஒரு டீ வாங்கிக் குடு. பெமினிசம்னா ஆம்பளை பர்ஸ்ல இருந்து ஆரம்பிச்சு கோர்ட்ல முடியிற விஷயம். கல்யாணம் ஆனதும் தெரியும்.

சமையக்கட்டு_சங்கர்:
ராஜாண்ணே காலைலயே ஃபார்ம்ல இருக்காரு 😄

வெள்ளாத்தங்கரை:
அந்த நண்பர் பெரியாரை இழுத்தாரே, பெரியாரே இதுக்கு பதில் சொல்லிட்டுத் தான் போயிருக்காரு, அது உங்க ரெண்டு கட்சிக்கும் பிடிக்காது. தன்னோட 'குடியரசு' பத்திரிகையில பெண் விடுதலை பத்தி எழுதினப்ப, ஆம்பளைங்க பெண் விடுதலைக்குப் பாடுபடுறதா காட்டிக்கிறதே பெண்களை ஏமாத்துற சூழ்ச்சின்னு எழுதினாரு. பூனையால எலிக்கு விடுதலை உண்டாகுமா, நரியால ஆடு கோழிக்கு விடுதலை உண்டாகுமான்னு கேட்டது அவருதான். வெள்ளைக்காரனால இந்தியனுக்கு செல்வம் பெருகுமான்னும் சேர்த்துக் கேட்டாரு. ஆக உங்க டீம் பொண்ணு சொன்னது ஒண்ணும் அமெரிக்காவுல இருந்து இறக்குமதி ஆன சரக்கு இல்ல, ஈரோட்டுச் சரக்கு தான்.

ஆனா அதே மனுஷன் தான் 1929 பிப்ரவரியில செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுல பொண்ணுங்களுக்கு ஆம்பளைக்குச் சமமா சொத்துரிமை வேணும், விதவை மறுமணம் வேணும், பிடிக்கலன்னா பிரிஞ்சு போற உரிமை வேணும்னு தீர்மானம் போட வச்சது. பிள்ளை பெத்துக்கறதா வேணாமான்னு முடிவு பண்றது பொம்பளையோட சுதந்திரம்னு அந்தக் காலத்துலயே எழுதினாரு, மத்தவங்க எல்லாம் கர்ப்பத்தடைன்னா நாட்டோட வறுமை, தாயோட உடம்புன்னு பேசிட்டு இருந்தப்ப.

நான் இவர்ட்ட மதிக்கிறது இதெல்லாம் விட இன்னொண்ணு. அவரோட முதல் மனைவி நாகம்மையார் சாதாரண ஆள் இல்ல, 1921ல ஈரோட்டுல கள்ளுக்கடை மறியல்ல முன்னாடி நின்னவங்க, வைக்கம் போராட்டத்துக்குப் போனவங்க. 1933ல அவங்க இறந்தப்ப இவரு குடியரசுல இரங்கல் எழுதுறாரு. பெண் சுதந்திரம் பத்தி நான் பேசியும் எழுதியும் வர்றதுல நூத்துல ஒரு பங்காவது நாகம்மா விஷயத்துல நடந்துக்கிட்டேன்னு சொல்லிக்க எனக்கு முழு யோக்கியதை இல்லைன்னு அதுல வருது. ஊரே படிக்கிற பத்திரிகையில. இப்ப எத்தனை பேர் இப்படி எழுதுவான்னு யோசிச்சுப் பாருங்க, நம்ம ஆளுங்க மகளிர் தினத்துக்கு பொண்டாட்டி போட்டோவ ஸ்டேட்டஸ்ல வச்சுட்டு அவளையே காபி போடச் சொல்றவங்க.

தனிக்காட்டு_ராஜா:
ஐயா எல்லாம் சரி, 1949ல 69 வயசுல மணியம்மையை கல்யாணம் பண்ணிக்கிட்டாரே, அதுக்கு எந்த மாநாட்டுத் தீர்மானம்? கட்சியே உடைஞ்சுச்சே.

வெள்ளாத்தங்கரை:
உடைஞ்சுச்சு. வயசு வித்தியாசம் அன்னைக்கும் உறுத்துச்சு, இன்னைக்கும் உறுத்துது, எனக்கும் தான். ஆனா ஒண்ணு கவனிச்சீங்களா, எழுபத்தி சொச்சம் வருஷமா அந்தக் கல்யாணத்தைப் பத்தி சண்டை போடுறவன் எல்லாம் பெரியார் என்ன நெனச்சாரு, அண்ணா என்ன நெனச்சாருன்னு தான் பேசுறான். மணியம்மை என்ன நெனச்சாங்கன்னு ஒருத்தனும் கேக்கல. அவரு போன பிறகு அந்த அம்மா தான் கழகத்தை நடத்தினாங்க, எமர்ஜென்சில மிசாவுல தோழர்களை உள்ள போட்டப்ப வெளிய நின்னு சமாளிச்சாங்க. ஒரு இயக்கத்தை நடத்துன பொம்பளைய இன்னும் "அந்தக் கல்யாணம்"னே பேசுறோம்.

அப்புறம் "பெரியார்"ங்குற பேரே 1938 நவம்பர்ல சென்னையில நடந்த பெண்கள் மாநாட்டுல பொண்ணுங்க தீர்மானம் போட்டுக் குடுத்தது. மறைமலையடிகள் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமை. அவரா வச்சுக்கிட்ட பேரில்ல.

கார்த்தி_கோவை:
ஐயா இது எனக்குத் தெரியாதுங்க, நன்றி. அப்ப "நீங்க சொல்லிக்கக் கூடாது, நாங்க தான் சொல்லணும்"ங்கறதுக்கு இதுவே ஒரு உதாரணமா ஆகிப்போச்சே.

மணிமேகலை_வக்கீல்:
மதுரையில சிவில் பிராக்டிஸ் பண்றேன். இந்தக் கேள்விய மாசத்துக்கு ஒரு தடவையாவது சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வாசல்ல பாக்குறேன், யாரும் அதை பெமினிசம்னு சொல்றதில்ல அவ்வளவுதான்.

அப்பா போயிட்டாரு, ரெண்டு அண்ணன் தம்பி, ஒரு அக்கா. பத்திரம் ரெடியா இருக்கும், அதுக்குப் பேரு விடுதலைப் பத்திரம். "எனக்குரிய பாத்தியதையை இதன் மூலம் விடுதலை செய்து கொடுக்கிறேன்"னு அக்கா கையெழுத்துப் போடணும். பதில் பிரயோஜனம்ங்குற இடத்துல, அதாவது பங்குக்கு ஈடா, ஏதோ ஒரு தொகை எழுதியிருக்கும், அதை கையில குடுத்தாங்களான்னு நான் கேட்டா அக்காவே "அதெல்லாம் எதுக்கு மேடம், தம்பி தானே"ன்னு சொல்லும். சொல்லித் தான் ஆகணும், ஏன்னா நாளைக்குப் பொறந்த வீடுன்னு ஒண்ணு வேணும், பொண்ணுக்கு தாய்மாமன் சீர் வேணும், புருஷன் அடிச்சுத் துரத்துனா வந்து நிக்க ஒரு திண்ணை வேணும். பங்கு கேட்ட அக்காவுக்கு எந்தத் தம்பியும் பொங்கச்சீர் கொண்டு வர்றதில்ல. இதெல்லாம் அங்க நிக்குற எல்லாருக்கும் தெரியும், யாரும் வாய் விட்டுச் சொல்ல மாட்டாங்க.

தம்பிமார் எல்லாம் கெட்டவங்க இல்ல, அதைத் தான் நான் சொல்ல வர்றேன். படிச்ச பசங்க, பொண்டாட்டிய வேலைக்கு அனுப்புறவங்க, மகளை என்ஜினியரிங் சேத்தவங்க. "நாங்க ஆம்பளை பொம்பளை வித்தியாசம் பாக்குறதில்ல மேடம்"னு என்கிட்டயே சொல்லிட்டுத் தான் அக்காட்ட பேனாவ நீட்டுவாங்க.

செங்கல்பட்டுத் தீர்மானம் பத்தி ஐயா சொன்னாரு. அது சட்டமாகுறதுக்கு 60 வருஷம் ஆச்சு. 1989ல கலைஞர் ஆட்சியில தான் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு தமிழ்நாட்டுத் திருத்தம் வந்து, பூர்வீகச் சொத்துல மகளுக்கும் மகன் மாதிரியே பொறப்புலயே பங்குன்னு ஆச்சு. அதுலயும் 1989 மார்ச் 25க்கு முன்னாடி கல்யாணம் ஆன பொண்ணுங்களுக்கு இல்லைன்னு ஒரு வரி. ஒரு வாரம் முன்னாடி தாலி கட்டினவ எத்தனை பேரோ. 2005 செப்டம்பர் 9ல மத்திய அரசு திருத்தம் வந்து தான் அந்தக் கல்யாணக் கணக்கு ஒழிஞ்சுச்சு, அப்பா அந்தத் தேதியில உசுரோட இருந்திருக்கணுமா வேணாமான்னு அதுலயும் சண்டை, 2020 ஆகஸ்ட்ல சுப்ரீம் கோர்ட் வினீதா சர்மா வழக்குல வேணாம், பொறந்ததே போதும்னு முடிச்சு வச்சுச்சு. சட்டம் இவ்வளவு தூரம் வந்துருச்சு. சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் வரிசை அதே இடத்துல தான் நிக்குது.

கார்த்தி தம்பி, கோச்சுக்காதீங்க, வீட்ல அக்கா இருக்காங்கன்னு எழுதியிருக்கீங்க. பூர்வீக நிலம் ஏதாச்சும் இருந்தா அந்தப் பத்திரத்துல என்ன முடிவு பண்ணியிருக்கீங்க?

தனிக்காட்டு_ராஜா:
மேடம் கல்யாணத்துக்கு 80 பவுன் போட்டது யாரு கணக்கு? நகையும் வேணும் நிலமும் வேணுமா?

மணிமேகலை_வக்கீல்:
இதுக்குன்னே காத்துட்டு இருந்தேன். 80 பவுன் யார் கேட்டா, அக்காவா கேட்டா? மாப்பிள்ளை வீடு கேட்டுச்சு, அப்பா மாப்பிள்ளை வீட்டுக்குக் குடுத்தாரு. 1961ல இருந்து அது குற்றம். ஒரு குற்றத்துல குடுத்த காச பாகப் பிரிவினையில கழிச்சுக்குற ஒரே ஊர் நம்ம ஊரு தான். அந்த நகை இப்ப யார் லாக்கர்ல இருக்குன்னு கேளுங்க, இல்ல எந்த வருஷம் மாப்பிள்ளை கடை வைக்க அடகுக்குப் போச்சுன்னு கேளுங்க. இன்னொண்ணு, உங்களுக்கு என்ஜினியரிங் சீட்டுக்கு அப்பா கட்டுனது யார் கணக்குல கழிஞ்சுச்சு?

சமையக்கட்டு_சங்கர்:
🔥🔥

யாழ்_நிலா:
நான் யாழ்ப்பாணம், இப்ப டொரண்டோவில இருக்கிறன். வாசிச்சுக்கொண்டு வரேக்க சிரிப்பும் வந்தது கவலையும் வந்தது. எங்கட பக்கத்தில சொத்து விசயத்துக்குத் தேசவழமைச் சட்டம் எண்டு ஒண்டு இருக்கு, 1707இல ஒல்லாந்தர், அதுதான் டச்சுக்காரர், காலத்தில எழுத்தில தொகுத்தது. வெளியில இருந்து பாக்கிறவைக்கு அது பெரிய முற்போக்கு மாதிரி இருக்கும், ஏனெண்டா காணியும் வீடும் சீதனமா பெம்பிளைப் பிள்ளைக்குத்தான் எழுதுவினம். உங்கட ஆக்கள் கேட்டா "அட, அங்க பொம்பிளையிட்டத்தானே சொத்து இருக்கு" எண்டு சொல்லுவினம்.

ஆனா 1911ஆம் ஆண்டு கட்டளைச் சட்டத்தின்ர படி, கலியாணம் கட்டின பெம்பிளை தன்ர பேரில இருக்கிற காணியை விக்கவோ ஈடு வைக்கவோ புருசன் எழுத்தில சம்மதம் தரவேணும். அவற்ற காணியை அவர் விக்கிறதுக்கு மனிசியின்ர சம்மதம் தேவையில்லை. யுத்தம் முடிஞ்சாப் பிறகு எத்தினை பெம்பிளையள் இதில மாட்டுப்பட்டவை தெரியுமோ? புருசன் காணாமல் ஆக்கப்பட்டிட்டார், இறந்தார் எண்டு பத்திரமும் இல்லை, உயிரோட இருக்கிறார் எண்டு ஆரும் காட்டவும் இல்லை. தாய் தந்த காணியில ஒரு துண்டை வித்து பிள்ளையைப் படிப்பிக்க, இல்லாத மனிசன்ர கையெழுத்து வேணும், இல்லாட்டி கோடு ஏறி நீதிமன்ற அனுமதி எடுக்கவேணும்.

இதை மாத்தவேணும் எண்டு கதைச்சா எங்கட ஆம்பிளையள், நல்ல தமிழ் உணர்வுள்ள ஆக்கள், "இது எங்கட இனத்தின்ர அடையாளம், அதில கை வைக்காதேங்கோ" எண்டுவினம். அரங்கத்தில பெண் விடுதலை பாட்டுக்குக் கை தட்டுவினம். நான் ஆரையும் பெமினிஸ்ட் இல்லை எண்டு சொல்ல வரேல்லை. அடையாளம் எண்டு வரேக்க ஆரின்ர தலையில அதைச் சுமத்துகினம் எண்டு மட்டும் பாக்கிறன்.

கார்த்தி_கோவை:
நிலா அக்கா இது புதுசா இருக்குங்க எனக்கு. மேடம், உங்க கேள்விக்கு பதில் சொல்றேன், அப்பாட்ட பேசிட்டு வந்து சொல்றேன்.

சமையக்கட்டு_சங்கர்:
நான் என் பக்கத்த சொல்றேன், எனக்கு இது வேற மாதிரி தொல்லை. எங்க வீட்ல நான் தான் சமையல், அவங்களுக்கு ஷிஃப்ட் வேலை, எனக்கு வீட்ல இருந்து வேலை, சிம்பிள் கணக்கு, இதுல கொள்கையும் இல்ல மண்ணும் இல்ல. ஆனா ஊர்ல இருந்து யாராச்சும் வந்தா போதும், நான் ஒரு ரசம் வச்சு இறக்குனதுக்கு "மாப்ள மாதிரி ஆளு கிடைக்க நீ என்ன புண்ணியம் பண்ணியோ"ன்னு அவகிட்ட சொல்லுவாங்க. அவ கல்யாணமான புதுசுல ரெண்டு வருஷம் அதே ரசத்த வச்சா, ஒருத்தரும் என் புண்ணியத்தப் பத்திப் பேசல. மொதல்ல எனக்கு நல்லா தான் இருந்துச்சு, பொய் சொல்லல, பாராட்டுன்னா யாருக்குக் கசக்கும். ஒரு நாள் அவ "பாராட்டெல்லாம் உனக்கு, புண்ணியம் பண்ண கடன் எனக்கா"ன்னு கேட்டா. அப்புறம் எனக்கே சொந்தக்காரங்க வந்தா ஒரு மாதிரி ஆயிரும்.

அப்புறம் சமைக்கிறது மட்டும் வேலை இல்லைங்க. உளுந்து தீரப் போகுதுன்னு ஞாபகம் வச்சுக்கறது, கேஸ் புக் பண்றது, ஸ்கூல் வாட்ஸப் குரூப்புல நாளைக்கு மஞ்ச கலர் டிரஸ்சுன்னு ராத்திரி பத்து மணிக்கு வர்றத பாக்கறது, இதெல்லாம் இன்னும் அவ தலையில தான் ஓடுது. நான் செஃப் மாதிரி நின்னு சமைச்சுட்டு வந்துடறேன்.

அரசாங்கமே 2019ல நேரப் பயன்பாட்டு சர்வே ஒண்ணு எடுத்தாங்க. சம்பளமில்லாத வீட்டு வேலை தினமும் செய்யறவங்க பெண்கள்ல 81 சதவீதத்துக்கு மேல, ஆண்கள்ல 26 தான். அந்த 26ஐ மட்டும் தனியா எடுத்து, "நான் வீட்ல வேலை செய்யறவன்"னு காலரைத் தூக்கற ஆளுங்களை மட்டும் எடுத்தாலும், நாளைக்கு 97 நிமிஷம். பெண்களுக்கு 299 நிமிஷம். நான் அந்த 97 கோஷ்டி.

தனிக்காட்டு_ராஜா:
சங்கரு நீயுமா? சரி நான் ஒரே ஒரு கேள்வி கேக்குறேன், யாரும் பதில் சொல்ல மாட்டீங்க. வரதட்சணைக் கொடுமைன்னு 498ஏ செக்ஷன்ல பொய் கேஸ் போட்டு வயசான அப்பா அம்மாவ ஸ்டேஷன்ல உக்கார வச்சதெல்லாம் நடந்துச்சா இல்லையா? என் சித்தப்பா குடும்பத்துல நடந்துச்சு, நான் பாத்தேன். அப்ப எந்தப் பெமினிஸ்ட்டும் வரல. நான் கோபப்படுறதுக்கு காரணம் இருக்கு.

மணிமேகலை_வக்கீல்:
ராஜா சார், நான் பதில் சொல்றேன். நடந்துச்சு. கேஸ்ல சம்பந்தமே இல்லாத நாத்தனாரை எல்லாம் சேக்குறது நானே பாத்திருக்கேன், எதிர்த்து ஆஜராகியும் இருக்கேன். அதனால தான் 2014ல அர்னேஷ் குமார் வழக்குல சுப்ரீம் கோர்ட், உடனே கைது பண்ணாத, காரணத்தை எழுதி வை, மாஜிஸ்ட்ரேட் கண்ண மூடிட்டு ரிமாண்ட் பண்ணாதன்னு போலீசுக்கு கட்டுப்பாடு போட்டுச்சு. உங்க சித்தப்பா வீட்டுக்கு நடந்தது அநியாயம்னா அநியாயம் தான், அதுல எனக்கு எந்தச் சிக்கலும் இல்ல. ஆனா 1983ல அந்தச் செக்ஷன் எதுக்கு வந்துச்சு, ஸ்டவ் வெடிச்சு வெடிச்சு மருமகள் மட்டும் செத்தாங்க, மாமியார் வச்ச ஸ்டவ் எதுவும் வெடிக்கல, அதனால வந்துச்சு. உங்க கோபத்துக்கு காரணம் இருக்குறது மாதிரி அந்தச் சட்டத்துக்கும் காரணம் இருக்கு. ரெண்டையும் சேத்து மண்டையில வச்சுக்க முடியலன்னா வக்கீல் வேலை பாக்க முடியாது.

தனிக்காட்டு_ராஜா:
சரி. நீங்க ஒத்துக்கிட்டதே பெருசு. மேல பேசுங்க, நான் படிக்கிறேன்.

ரேவதி_சிஸ்டர்:
நான் கிராம சுகாதார செவிலியர், ஊர் பேர் வேணாம். நீங்க எல்லாரும் பெரிய பெரிய ஆளுங்க பேரா சொல்றீங்க, நான் ஒரு சின்ன விஷயம் சொல்றேன். ரெண்டாவது குழந்தை பொறந்ததும் குடும்பக் கட்டுப்பாடு பத்திப் பேசுறது என் வேலை. ஆண்களுக்கு தழும்பில்லா கருத்தடைன்னு இருக்கு, தையல் கூட கிடையாது, அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம். பொண்ணுக்குன்னா வயித்தத் திறக்கணும், மயக்க மருந்து, அதுவும் சிசேரியன் பண்ண உடம்பு. இத்தன வருஷத்துல நான் பேசி சம்மதிச்சு வந்த ஆம்பளைங்கள விரல் விட்டு எண்ணலாம். தேசிய குடும்ப நல சர்வே 2019-21ல இந்தியா முழுசுக்கும் பெண் கருத்தடை 37.9 சதவீதம், ஆண் கருத்தடை 0.3. பாயிண்ட் மூணு.

எமர்ஜென்சி காலத்துல வடக்க ஆம்பளைங்களப் புடிச்சு வலுக்கட்டாயமா பண்ணாங்க, அது அக்கிரமம், அதுல ஆட்சியே போச்சு. அதுக்கப்புறம் எந்த அரசாங்கமும் ஆம்பளை பக்கம் போகவே பயந்து மொத்த பாரத்தையும் பொம்பளை வயித்துல எறக்கி வச்சுட்டாங்க. கட்டாயப்படுத்துனா ஆட்சியக் கவுக்குற கோபம் ஆம்பளைங்களுக்கு இருக்கு. அந்தக் கோபத்துல கால்வாசி பொண்டாட்டிக்காக வந்திருந்தா நாடு எங்கயோ போயிருக்கும்.

வேண்டாம்னு சொல்றது பெரும்பாலும் புருஷன் கூட இல்லைங்க, மாமியார், சில சமயம் அந்தப் பொண்ணே. "அவரு வெயிட்டு தூக்குற வேலை பாக்குறாரு சிஸ்டர், வேண்டாம்". நீ மட்டும் குடம் தூக்கலையாம்மான்னு கேப்பேன். சிரிக்கும். ஒருத்தர் மட்டும் வந்தாரு, லாரி டிரைவர், குடிப்பாரு, வாய் மோசம், பெமினிசம்னா என்னன்னு கேட்டா அடிக்க வருவாரு. "ரெண்டு தடவை கிழிச்சாச்சு அவள, இது என்ன ஊசி குத்துற மாதிரி தானே, நானே பண்ணிக்கிறேன்"னாரு. அவர நீங்க எந்தப் பக்கம் சேப்பீங்கன்னு எனக்குத் தெரியல.

வெள்ளாத்தங்கரை:
சிஸ்டர், அந்த லாரி டிரைவரை நான் என் பக்கம் சேத்துக்கறேன், குடிய மட்டும் விடச் சொல்லுங்க.

நூலகத்து_எலி:
பி.எச்.டி பண்றேன், பெண். நான் கார்த்தியோட ஃப்ரெண்ட் சொன்னதுல பாதிக்கு ஒத்துக்கறேன், பாதிக்கு இல்ல. ஆம்பளை பெமினிஸ்ட்டா இருக்கவே முடியாதுன்னு சொன்னா, அப்ப இது பொறப்பால வர்ற தகுதின்னு ஆயிடுது. பொறப்பால வர்ற தகுதிய எதிர்த்துத் தானே இவ்வளவும். அப்புறம் பொம்பளையா பொறந்துட்டாலே பெமினிஸ்ட் ஆயிடுவாங்களா, மருமகள் எந்த ஜாதின்னு விசாரிக்கிற அத்தைகளை எங்க வைக்கிறது?

ஆனா அந்தப் பொண்ணுக்கு எரிச்சல் ஏன் வருதுன்னும் புரியுது. சொல்லிக்கிறது ஓசி. 2018 மீ டூ சமயத்துல பாத்தோமே, மேடையில பெண்ணுரிமை பேசுன ஆளுங்க பேரே வெளிய வந்தப்ப முதல்ல வந்த கேள்வி "ஏன் இவ்வளவு நாள் சொல்லல". அந்தப் பேச்சே அவங்களுக்குக் கவசமா இருந்துச்சு.

எனக்குப் பிடிச்ச ஆம்பளை ஜான் ஸ்டூவர்ட் மில், 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்து தத்துவவாதி. அவர் பார்லிமென்ட்ல 1867ல ஓட்டுரிமைச் சட்டத்துல 'ஆண்'னு இருக்குற இடத்துல 'நபர்'னு போடுங்கன்னு திருத்தம் கொண்டு வந்து தோத்தாரு, 73 ஓட்டு தான் கிடைச்சுது. அது எல்லாரும் சொல்ற கதை. எனக்குப் பிடிச்சது அதுக்கு முன்னாடி 1851ல, ஹாரியட் டெய்லரைக் கல்யாணம் பண்ணிக்கறப்ப அவர் எழுதி வச்ச காகிதம். அப்ப இங்கிலாந்து சட்டப்படி பொண்டாட்டி சொத்து, சம்பாத்தியம், ஏன் அவ மேலயே புருஷனுக்கு அதிகாரம். சட்டப்படி அதைத் துறக்கவும் வழி இல்ல. அதனால, இந்த அதிகாரங்களை நான் ஏத்துக்கல, எந்தக் காலத்துலயும் பயன்படுத்த மாட்டேன், கல்யாணமே நடக்காத மாதிரி அவளோட சொத்துக்கும் நடமாட்டத்துக்கும் அவளுக்கே முழு உரிமைன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டாரு. கோர்ட்ல செல்லாது. ஆனாலும் எழுதினாரு. மணிமேகலை மேடம் சொன்ன விடுதலைப் பத்திரத்தை ஒரு ஆம்பளை எழுதிக் குடுத்தா எப்படி இருக்கும்னு கேட்டா நான் இதைத் தான் காட்டுவேன்.

தனிக்காட்டு_ராஜா:
வெள்ளைக்காரன் எது பண்ணாலும் உங்களுக்கு இனிக்கும்.

நூலகத்து_எலி:
அவர் முப்பது சொச்சம் வருஷம் கிழக்கிந்தியக் கம்பெனியில வேலை பாத்து இந்தியாவுக்கு சுயாட்சி குடுக்கக் கூடாதுன்னு சொன்னவரு, அதுவும் தெரியும் சார். இனிக்கல.

மூணாறு_ஜெபா:
எங்க அம்மா மூணாறு தேயிலைத் தோட்டத்துல கொழுந்து எடுக்குறவங்க. 2015 செப்டம்பர்ல போனஸ 10 சதவீதமா குறைச்சப்ப ஆயிரக்கணக்குல பொம்பளைங்க ரோட்டுல உக்காந்தாங்களே, பெம்பிளை ஒருமை, அதாவது பெண்கள் ஒற்றுமைன்னு பேரு, அதுல அம்மாவும் உண்டு. முக்கால்வாசி பேரும் தமிழ் பொம்பளைங்க தான், லயத்துல பொறந்து வளந்தவங்க. கம்பெனிய விட அவங்களுக்குக் கோபம் யூனியன்காரங்க மேல. எல்லாக் கட்சி யூனியன்லயும் தலைவர் ஆம்பளை, கொழுந்து எடுக்குறது பொம்பளை, பேச்சுவார்த்தைக்குப் போறது தலைவர், கையெழுத்து போட்டுட்டு வந்து "இவ்வளவு தாம்மா முடியும்"னு சொல்றதும் தலைவர். அதனால இந்தத் தடவை எந்தத் தலைவரும் பக்கத்துல வரக் கூடாதுன்னு விரட்டி விட்டுட்டாங்க. எங்க அப்பா யூனியன் ஆள். அவரையும் சேத்துத் தான்.

கடைசில கேரளா முன்னாள் முதல்வர் வி.எஸ். அச்சுதானந்தன் வந்தாரு, 90 தாண்டின வயசு, அவரை மட்டும் உள்ள விட்டாங்க, தீர்வு வர்ற வரைக்கும் கூடவே உக்காந்திருந்தாரு. போனசும் எக்ஸ்கிரேஷியாவும் சேத்து 20 சதவீதம் வாங்கிட்டுத் தான் எழுந்தாங்க. அப்புறம் கூலி உயர்வுக்குப் போராடினப்ப அவ்வளவு கிடைக்கல, அமைப்புக்குள்ள பிளவும் வந்துச்சு, அது வேற கதை.

நான் அம்மாட்ட கேட்டேன், ஏன் அவரை மட்டும் விட்டீங்கன்னு. "அவரு மைக்க கேக்கல"ன்னாங்க. இது முழுசா உண்மையான்னு தெரியல, அவரு பேசவும் செஞ்சாரு டிவியில பாத்தோம். ஆனா அம்மா ஞாபகத்துல அப்படித் தான் இருக்கு. அப்பா அந்தப் போராட்ட நாள்ல வீட்ல இருந்து கஞ்சி காய்ச்சி ரோட்டுக்குக் குடுத்து விட்டாரு. யூனியன்ல கேவலமா பேசுனாங்களாம்.

யாழ்_நிலா:
கஞ்சி காய்ச்சின அப்பாவுக்கு ஒரு லைக்.

நூலகத்து_எலி:
ஜெபா இதை எங்கயாச்சும் எழுதுங்க ப்ளீஸ்.

கார்த்தி_கோவை:
சாரிங்க, லேட் ஆயிடுச்சு. அப்பாட்ட பேசினேன். கதை இதான்: தாத்தா வழி பூமி மூணு ஏக்கரா, கெணறு ஒண்ணு. அப்பாவுக்கு இப்ப உடம்பு முடியல, அதனால எம்பேருக்கு எழுதி வைக்கலாம்னு இருக்காரு, அக்காட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கலாம்னு அம்மா ஏற்கனவே பேசி முடிச்சிருக்காங்க. எனக்குத் தெரியாமயே. அக்காவுக்கு போன் போட்டேன், "எனக்கு வேணாம்டா, நீ நல்லா இரு"ன்னு சொல்லுது. இப்ப நான் என்னங்க பண்றது? வேணாம்னு சொல்றவங்ககிட்ட வலுக்கட்டாயமா குடுக்கறதா? அதுவும் அவங்க முடிவை மதிக்காத மாதிரி தானே ஆகும்?

தனிக்காட்டு_ராஜா:
அக்காவே வேணாங்குது, விடுய்யா.

ரேவதி_சிஸ்டர்:
போன் பேசுறப்ப அக்கா பக்கத்துல யாரு இருந்தா?

கார்த்தி_கோவை:
அம்மா அங்க தான் இருந்தாங்க சிஸ்டர். அக்கா பையன் காதுகுத்துக்குப் போயிருக்காங்க.

மணிமேகலை_வக்கீல்:
அப்போ அது பதிலே இல்ல தம்பி. தனியா போய்க் கேளுங்க, மாமாவும் இல்லாம, அம்மாவும் இல்லாம. "உனக்கு வேணுமா"ன்னு கேக்காதீங்க, அப்படிக் கேட்டா நூத்துக்கு நூறு வேணாம்னு தான் வரும், நம்ம வளப்பு அப்படி. "உன் பங்கு இவ்வளவு, நிலமா வேணுமா, இல்ல அந்த ஊர் விலைக்குப் பணமா வேணுமா, இல்ல ரெண்டு பேர் பேர்லயும் கூட்டுப் பட்டாவா இருக்கட்டுமா"ன்னு கேளுங்க. மூணுல ஒண்ணு சொல்லும். ஒண்ணுமே வேணாம்னு அப்பவும் சொன்னா, பாகப்பிரிவினைப் பத்திரமே போட்டு அக்கா பங்கை அக்கா பேர்லயே விட்டுடுங்க, கையெழுத்து வாங்குறதுக்கு இருக்குற அவசரம் குடுக்குறதுக்கு யாருக்கும் இல்ல, அந்த நிலம் அங்கயே கிடக்கட்டும், பத்து வருஷம் கழிச்சு அக்கா பொண்ணு காலேஜ் போறப்ப தேவைப்படும்.

பூர்வீகச் சொத்துன்னா அப்பா தன் பங்கை மட்டும் தான் உயில் எழுதலாம், மொத்தத்தையும் உங்க பேருக்கு எழுத முடியாது, அதையும் அவருக்குப் பக்குவமா சொல்லுங்க. வில்லங்கம் போட்டுப் பாருங்க. முக்கியமா பட்டா யார் பேர்ல இருக்குன்னு பாருங்க, சிட்டா ஆன்லைன்லயே எடுக்கலாம்.

கார்த்தி_கோவை:
இப்ப தான் எடுத்துப் பார்த்தேன் மேடம். பட்டா இன்னும் தாத்தா பேர்லயே இருக்குங்க. அவரு 1994ல இறந்துட்டாரு. உயிலெல்லாம் ஒண்ணும் இல்ல, பாகப்பிரிவினையும் நடந்த மாதிரி தெரியல.

மணிமேகலை_வக்கீல்:
அப்ப உங்க அக்கா மட்டும் இல்ல, அப்பா கூடப் பொறந்தவங்களும் இதுல வருவாங்க. அத்தை எத்தனை பேரு?

கார்த்தி_கோவை:
மூணு பேருங்க. மூணு பேரும் எங்கப்பாகிட்ட பேசறதில்ல.

தனிக்காட்டு_ராஜா:
போச்சு 😂 தம்பி, பெமினிஸ்ட்டுன்னு சொன்னேல்ல, முதல்ல எந்த அத்தை வீட்டுக்குப் போற?

கார்த்தி_கோவை:
பல்லடத்து அத்தை தான் கொஞ்சம் கோபம் கம்மி. ஞாயித்துக்கிழமை போறேனுங்க.